12 நிமிட ஓட்டம்: வருகிற எண்ணை எவ்வளவு நம்பலாம்?

கையில் கட்டியிருக்கும் வாட்ச் ஒரு எண் சொல்கிறது, போனில் இருக்கும் ஆப் வேறொன்று சொல்கிறது, மைதானத்தில் ஓடிப் பார்த்தால் மூன்றாவதாக ஒன்று வருகிறது. மூன்றுக்கும் பெயர் விஓ2 மேக்ஸ்தான். முழு வேகத்தில் உழைக்கும்போது உடம்பு ஒரு கிலோ எடைக்கு, ஒரு நிமிடத்தில் எத்தனை மில்லி ஆக்சிஜனைப் பயன்படுத்துகிறது என்ற கணக்கு அது. நிஜமாகவே அளக்க வேண்டுமென்றால் முகத்தில் மாஸ்க் மாட்டி, டிரெட்மில்லில் இனி முடியாது என்கிறவரை ஓடவிட்டு, மூச்சுக்காற்றைக் கருவியில் அலச வேண்டும். மற்றதெல்லாம் கணிப்பு.

எங்கள் வீட்டுச் சுவர்க்கடிகாரம் பத்து நிமிடம் முன்னால் ஓடும். நேரம் தப்புதான், ஆனால் தினமும் அதே பத்து நிமிடம் என்பதால் அதைப் பார்த்துக் கிளம்பி யாரும் பஸ்ஸை விட்டதில்லை. துல்லியம் வேறு, நம்பகம் வேறு. வீட்டில் நாம் சரிசெய்ய முடிவது இரண்டாவதைத்தான்.

கூப்பர் டெஸ்ட்டையே எடுத்துக்கொள்வோம். 12 நிமிடத்தில் ஓடிய மீட்டரிலிருந்து 504.9 கழித்து, 44.73-ஆல் வகுத்தால் விஓ2 மேக்ஸ். 2,400 மீட்டர் ஓடினால் சுமார் 42. கென்னத் கூப்பர் இதை 1968-ல் வெளியிட்டது அமெரிக்க விமானப்படை ஆண்கள் 115 பேரைச் சோதித்து. அதனால் ஐம்பது வயதுக்காரருக்கோ, பெண்களுக்கோ அதே சூத்திரம் அப்படியே பொருந்தும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

அந்தச் சூத்திரப்படி 100 மீட்டர் வித்தியாசம் என்றால் 2.2 புள்ளி. 400 மீட்டர் டிராக்கில் ஒரு ரவுண்டை எண்ண விட்டால் கிட்டத்தட்ட 9 புள்ளி போச்சு! ஒருமுறை எண்ணுவதற்கு நிறுத்தின தம்பி போனைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டான், "அஞ்சாண்ணா, ஆறாண்ணா?" என்று என்னிடமே கேட்டான். இப்போது பாக்கெட்டில் புளியங்கொட்டை போட்டுக்கொண்டு ஓடுகிறேன், கோட்டைத் தாண்டும்போதெல்லாம் ஒன்றைக் கீழே போடுவேன், கடைசியில் மிச்சத்தை எண்ணினால் தீர்ந்தது. அப்புறம், லேன். காலையில் முதல் லேனை நடைப்பயிற்சிக்காரர்கள் வரிசைகட்டி அடைத்துக்கொண்டு போவார்கள், நாம் ஒதுங்கி நாலாவது லேனில் ஓடுவோம். அங்கே ஒரு ரவுண்டுக்கு 22 மீட்டர் போல கூடுதல், ஆறு ரவுண்டில் 130 மீட்டர் தாண்டிவிடும். அதைக் கூட்டாமல் விட்டால் 3 புள்ளி கணக்கில் வராது.

முதல்முறை ஓடியதைக் கணக்கிலேயே சேர்க்காதீர்கள். பாதிப் பேர் முதல் மூன்று நிமிடம் குதிரை மாதிரி பாய்ந்துவிட்டுக் கடைசியில் நடப்பார்கள். அடுத்த முறை நிதானமாகத் தொடங்கினாலே தூரம் கூடிவிடும், ஃபிட்னஸ் கூடியதாக நினைத்துக்கொள்வோம். ஒருதடவை ஒத்திகை ஓடி, பிறகு ஒரு வாரத்துக்குள் இரண்டு தடவை, அதே டிராக், அதே ஷூ, அதே காலை ஆறு மணி, முந்தின நாள் ஓய்வு என்று ஓடிப் பாருங்கள். 2,380, 2,440 என்று வந்தால் அந்த 60 மீட்டர் சும்மாவே ஆடுகிற ஆட்டம். இரண்டு மாதம் கழித்து 40 மீட்டர் கூடியிருந்தால் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம், 150 கூடியிருந்தால் தாராளமாக ஒரு காபி குடித்துக் கொண்டாடலாம். மார்கழியில் ஓடியதைச் சித்திரை வெயிலோடு ஒப்பிட்டால் கணக்கு உதைக்கும்.

நெஞ்சுவலி, இதயப் பிரச்சினை இருப்பவர்கள், நாற்பதைத் தாண்டி ரொம்ப நாளாக ஓடாதவர்கள் டாக்டரைக் கேட்காமல் இதில் இறங்க வேண்டாம். அவர்களுக்குப் படி ஏறி இறங்கும் டெஸ்ட் லேசானது என்பார்கள், சரி, ஆனால் அதிலும் மூச்சு வாங்கும் என்பதால் முதலில் கேட்டுக்கொள்வது நல்லது. அந்தப் படி டெஸ்ட்டில் ஒரு வகையான, பல்ஸை வைத்துக் கணிக்கிற குயின்ஸ் காலேஜ் முறையில் படி 41.3 செ.மீ. உயரம் இருக்க வேண்டும், வீட்டு மாடிப்படி அதில் பாதிகூட இருக்காது. முடித்ததும் 15 விநாடி பல்ஸ் எண்ணி நாலால் பெருக்குவதால், ஒரு துடிப்பை விட்டால் நாலு துடிப்பு மாறும், ஆண்களுக்கான சூத்திரத்தில் அது 1.7 புள்ளி. இன்னொன்று, பிரஷருக்கு மெட்டோபுரோலால், அட்டெனலால் போன்ற மாத்திரை போடுகிறவர்களுக்கு மாத்திரையே பல்ஸை இறக்கிவிடும், டெஸ்ட்டோ அவரை விளையாட்டு வீரர் என்று சொல்லும். பல்ஸை வைத்துக் கணிக்கிற வாட்ச்சும் இதே இடத்தில் ஏமாறும். டெஸ்ட்டுக்காக மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள், அந்த எண்ணைத்தான் ஒதுக்க வேண்டும்.