கான்பரன்ஸ் காலில் அப்பத்தாக்கள்: நான் செய்த தவறுகள்

பிள்ளைகள் சென்னை, கோயம்புத்தூர் என்று போய்விட, மதுரை வட்டாரத்தில் செல்லூரிலும் மேலூரிலும் உசிலம்பட்டிப் பக்கத்திலும் தனியாக இருக்கும் பெரியவர்கள் சிலரை ஞாயிறுதோறும் போனில் ஒன்றுசேர்த்துப் பேச வைக்கிறேன். நீங்களும் தொடங்குவதாக இருந்தால், நான் பட்ட பாட்டைப் படவேண்டாம்.

வீடியோவுக்கு ஆசைப்படாதீர்கள். பலர் கையில் இருப்பது பட்டன் போன். அதற்குச் சாதாரண கான்பரன்ஸ் காலே போதும். பொதுவாக, அழைப்பவரைத் தவிர ஐந்து பேர் வரை சேரலாம். அழைப்பவரின் போன் அணைந்தால் பேச்சே அறுந்துவிடும் என்பதால் சார்ஜ் ஏற்றிவிட்டு உட்காருங்கள். ஐந்து பேர் குறைவு என்று, டச் போன் வைத்திருந்த பன்னிரண்டு பேரை ஒருமுறை வாட்ஸ்அப்பில் கூட்டினேன். குக்கர் விசிலும் டிவியும்தான் பேசின.

"எல்லோரும் சௌக்கியமா?" என்று பொதுவாகக் கேட்பதும் தவறு. முகம் தெரியாததால் இருவர் ஒன்றாகத் தொடங்கி, ஒன்றாகவே நிறுத்திவிடுவார்கள். பெயரோ ஊரோ சொல்லிக் கேளுங்கள். கத்தவும் வேண்டாம், வயதானால் கீச்சுக் குரல்தான் முதலில் கேட்காமல் போகும். குரலைத் தாழ்த்தி, நிதானமாகப் பேசினால் போதும்.

என் பெரிய தவறு, நலம் விசாரிப்பதையே பேச்சு என்று நினைத்தது. மாத்திரை போட்டீர்களா, சர்க்கரை எவ்வளவு என்று கேட்டுக்கொண்டிருந்தால் அது ஆஸ்பத்திரி ரவுண்ட்ஸ். மேலூர் அப்பத்தா ஒருவர் நான்கு வாரம் 'ம்' மட்டும் கொட்டினார். காது மந்தம் போலிருக்கிறது என்று விட்டுவிட்டேன். சித்திரைத் திருவிழா நெருங்கியபோது, "அழகருக்குச் சர்க்கரைச் சொம்பு எடுத்திருக்கிறீர்களா?" என்று கேட்டேன். சர்க்கரை நிரப்பிய சொம்பில் விளக்கேற்றி அழகரை வரவேற்பது இங்கே வழக்கம். மூன்றுமாவடியில் அழகரை எதிர்கொண்டு வரவேற்கும் எதிர்சேவையில் தொடங்கியவர், அழகர் வைகையில் இறங்கும்வரை யாரையும் பேசவிடவில்லை.

சீரியல் நேரத்தில் கூப்பிடாதீர்கள். ஆடி மாதம் கோயில் ஒலிபெருக்கி கட்டியிருந்தாலும் வீண்தான். தெரியாத எண் எதையும் நடுவில் சேர்க்காதீர்கள். ஓடிபி யார் கேட்டாலும், நீங்களே கேட்டாலும், சொல்லக்கூடாது என்று பழக்குங்கள். உதவி தேவைப்படுவோருக்கு முதியோர் உதவி எண் 14567-ஐக் கொடுத்து வையுங்கள், கட்டணம் இல்லை.

ஒரு ஞாயிறு, கல்யாண வீட்டுக்குப் போனவன் சொல்லாமல் விட்டுவிட்டேன். மறுவாரம் செல்லூர் ஐயா கோபிக்கவில்லை. "பதினொரு மணியிலிருந்து போனைக் கையிலேயே வைத்திருந்தேன் தம்பி, பாத்ரூமுக்குக்கூட எடுத்துக்கொண்டுதான் போனேன்" என்றார்.