கிளாஸ்கோவுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு: "நீ எந்த டீம்?" என்று கேட்டால்

வீடு பார்ப்பது, வங்கிக் கணக்கு திறப்பது, ஜி.பி. டாக்டரிடம் பதிவது பற்றியெல்லாம் சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள். இந்த ஒரு விஷயத்தை மட்டும் யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், டீ இடைவேளையில் ஒருவர் சிரித்துக்கொண்டே கேட்பார்: "நீ எந்த டீம்?" பெரும்பாலும் அது வெறும் பேச்சுதான். ஆனால் சில வாய்களில் இருந்து வரும்போது அதற்குள் இன்னொரு கேள்வி இருக்கும்: நீ கத்தோலிக்கனா, புராட்டஸ்டன்டா? உள்ளூர்க்காரர்கள் தங்களுக்குள் "எந்தப் பள்ளியில் படித்தாய்?" என்று கேட்டுக்கொள்வதும் இதே வகைதான். பள்ளியின் பெயர் 'செயின்ட்' என்று தொடங்கினால் அது பெரும்பாலும் கத்தோலிக்கப் பள்ளி, மிச்சத்தை அவர்களே முடிவு செய்துகொள்வார்கள்.

நமக்கு இதை விளக்கவே வேண்டாம். புதிதாக அறிமுகமான ஒருவர் "சொந்த ஊர் எது?" என்று கேட்டு, அப்புறம் "அங்கே எந்தத் தெரு?" என்று கேட்டால், அவர் விலாசம் கேட்கவில்லை என்று நமக்குத் தெரியாதா?

இரண்டு கால்பந்து அணிகள்: ரேஞ்சர்ஸ் புராட்டஸ்டன்ட் பக்கம், செல்டிக் கத்தோலிக்கப் பக்கம் என்பது பழைய கணக்கு. ரேஞ்சர்ஸ் 1872-இல் தொடங்கியது. நீலச் சட்டை, நகரின் தென்மேற்கே ஐப்ராக்ஸ் மைதானம். செல்டிக் 1887-இல் தொடங்கியது. பச்சை வெள்ளைப் பட்டைச் சட்டை, கிழக்கே பார்க்ஹெட். பெயரைச் 'செல்டிக்' என்றே சொல்லுங்கள். மொழியைச் சொல்லும்போதுதான் 'கெல்டிக்'. மாற்றிச் சொன்னால் சிரிப்பார்கள், அவ்வளவுதான்.

செல்டிக்கைத் தொடங்கியவர் வால்ஃப்ரிட் என்ற அயர்லாந்துத் துறவி. கிழக்கு கிளாஸ்கோவில் பட்டினி கிடந்த ஏழைகளுக்குச் சோறு போடப் பணம் திரட்டத்தான் அணி. 1840-களின் உருளைக்கிழங்குப் பஞ்சத்துக்குப் பிறகு அயர்லாந்திலிருந்து கூட்டம் கூட்டமாக இங்கே வந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் கத்தோலிக்கர்கள். அயர்லாந்தின் வடக்கிலிருந்து புராட்டஸ்டன்டுகளும் வந்தார்கள், கப்பல் கட்டும் தளங்களில் வேலை செய்தார்கள். வந்த இடத்தில் வேலைக்கும் வீட்டுக்கும் போட்டி. ஊரில் இருந்த பகையையும் மூட்டையில் கட்டிக்கொண்டே வந்திருந்தார்கள். 1888-இல் செல்டிக் ஆடிய முதல் ஆட்டமே ரேஞ்சர்ஸுக்கு எதிராகத்தான். அன்று பெரிய பகை ஒன்றும் இல்லை. அது பின்னால் வளர்ந்தது.

எப்படி வளர்ந்தது என்பதற்கு ஒரே ஒரு சான்று சொல்கிறேன். 1923-இல் புராட்டஸ்டன்ட் சபையான ஸ்காட்லாந்துத் திருச்சபை ஓர் அறிக்கையை ஏற்றது. அயர்லாந்திலிருந்து வந்த கத்தோலிக்கர்களால் ஸ்காட்லாந்து மக்களின் அடையாளத்துக்கே ஆபத்து, அவர்கள் வருவதைத் தடுக்க வேண்டும் என்பது அதன் சாரம். வேலையைப் பறிக்கிறார்கள், நம்மோடு ஒட்டமாட்டார்கள். எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கிறதா? இப்போது நம்மைப் பற்றித் தொலைக்காட்சியில் சொல்கிறார்களே, அதேதான். திருச்சபை 2002-இல் அந்த அறிக்கைக்கு வருத்தம் தெரிவித்தது. அதற்கு 79 ஆண்டுகள் ஆயின.

ரேஞ்சர்ஸ் அணி நெடுங்காலம், கத்தோலிக்கர் என்று வெளிப்படையாகத் தெரிந்த ஆட்டக்காரரைச் சேர்க்காமலே இருந்தது. எழுதி வைத்த விதி இல்லை, ஆனால் எல்லாருக்கும் தெரியும். 1989-இல் மேலாளர் கிரேம் சூனஸ், முன்பு செல்டிக்கில் ஆடிய கத்தோலிக்கரான மோ ஜான்ஸ்டனைக் கொண்டுவந்தார். ரேஞ்சர்ஸ் ரசிகர்கள் சிலர் மைதானத்துக்கு வெளியே கழுத்துத்துண்டுகளைக் கொளுத்தினார்கள். செல்டிக் ரசிகர்களும் அவரைத் துரோகி என்றார்கள். அவர் அந்த ஆண்டே செல்டிக்குக்கு எதிராகக் கோல் போட்டதும் கொளுத்தியவர்களின் கோபம் குறைந்தது. செல்டிக் அப்படி யாரையும் ஒதுக்கவில்லை. 1967-இல் அவர்களுக்கு ஐரோப்பியக் கோப்பை வாங்கித் தந்த ஜாக் ஸ்டீன் புராட்டஸ்டன்ட். இன்று இரண்டு அணிகளிலும் எல்லா மதத்தவரும் ஆடுகிறார்கள். ஆட்டக்காரர்கள் மாறிவிட்டார்கள், மைதானத்தில் ரசிகர்கள் பாடும் பகைப் பாட்டுகள்தான் மாறவில்லை.

சரி, அன்றாட வாழ்க்கைக்கு வருவோம்.

பச்சைச் சட்டை போட்டால் அடிப்பார்களா என்று ஒருவர் கேட்டார். மாட்டார்கள். தீபாவளிக்குப் பச்சைப் புடவை கட்டிக்கொண்டு தாராளமாகப் போங்கள். அணியின் ஜெர்சியும் கழுத்துத்துண்டும் வேறு கதை. இரண்டு அணிகளும் மோதும் நாளில் அவற்றைத் தவிர்த்துவிடுங்கள், குழந்தைக்கும் போட்டுவிடாதீர்கள். பல பப்களின் வாசலில் 'கால்பந்துச் சட்டைக்கு அனுமதி இல்லை' என்று எழுதியிருக்கும். கேலோகேட் பக்கத்துப் பப்கள் செல்டிக்காரர்களுடையவை, பிரிட்ஜ்டன் ரேஞ்சர்ஸ் பக்கம். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு நடந்தே போகலாம், அவ்வளவு பக்கம். இந்த ஆட்டங்களைப் பெரும்பாலும் நண்பகலை ஒட்டியே வைப்பார்கள், குடித்துவிட்டு வரும் நேரத்தைக் குறைக்கத்தான். 1980 கோப்பை இறுதியாட்டத்தில் இரண்டு ரசிகர் கூட்டமும் மைதானத்துக்குள் இறங்கி அடித்துக்கொண்ட பிறகுதான் ஸ்காட்லாந்து மைதானங்களில் மதுவுக்குத் தடை வந்தது. ஐப்ராக்ஸில் ஆட்டம் நடக்கும் நாளில் அந்த வழியாகப் போகும் சப்வேயில் கூட்டம் நெரியும்; கடைக்குப் போவதை மறுநாளைக்குத் தள்ளிப்போடுங்கள்.

ஜூலை 12-ஐ ஒட்டி ஆரஞ்சு ஊர்வலங்கள் நடக்கும். 1690 பாய்ன் போரில் புராட்டஸ்டன்ட் மன்னர் வில்லியம் வென்றதைக் கொண்டாடுவது. மேளமும் குழலும் கேட்க நன்றாகவே இருக்கும். ஆனால் அவசரம் என்று ஊர்வலத்தின் குறுக்கே சாலையைக் கடக்காதீர்கள், அதை அவமதிப்பாக எடுத்துக்கொள்வார்கள். அயர்லாந்து முழுதும் ஒரே குடியரசாக வேண்டும் என்கிற ஐரிஷ் குடியரசுவாதிகளின் ஊர்வலங்களுக்கும் இதேதான்.

இனி வார்த்தைகள். இதில் நான் பட்ட பாட்டைச் சொல்லிவிடுகிறேன். வந்த புதிதில் ஒரு கிடங்கில் வேலை பார்த்தேன். கூட இருந்தவர்கள் ரேஞ்சர்ஸ்காரர்களை 'ஹன்' என்று சொல்வதைக் கேட்டு, ஏதோ செல்லப்பெயர் என்று நினைத்து, ஒருநாள் எல்லார் முன்னாலும் நானும் சொன்னேன். அறையே அமைதியாகிவிட்டது. ஒரு மூத்த அம்மாள் என்னைத் தனியே கூப்பிட்டு, அது புராட்டஸ்டன்டுகளைத் திட்டும் சொல் என்றார். 'ஃபீனியன்' என்பது கத்தோலிக்கரைத் திட்டும் சொல். இரண்டையும் காதில் வாங்கிக்கொள்ளுங்கள், வாயில் வைக்காதீர்கள். சிரித்துக்கொண்டே சொன்னாலும் நீங்கள் கூடச் சிரிக்க வேண்டியதில்லை. புதிதாக வந்தவன் எப்படியாவது ஒரு கூட்டத்தில் சேரத் தவிப்பான். அடுத்தவனைத் திட்டிச் சேருவதுதான் இருப்பதிலேயே மலிவான வழி, அதனால்தான் சொல்கிறேன்.

பிள்ளைகளைக் கவனியுங்கள். என் மகன் எட்டு வயதில் ஒரு பாட்டை முணுமுணுத்துக்கொண்டு வந்தான். கேட்டால் ரத்தம், வெட்டு என்று வரிகள். பொருள் அவனுக்குத் தெரியாது. வகுப்பில் ஒரு பையனைக் காட்டி "அவன் அந்தப் பக்கம்ப்பா" என்றான். சாதிக்கொரு நிறத்தில் கையில் கயிறு கட்டிக்கொண்டு பள்ளிக்கு வந்த பிள்ளைகளோடு படித்தவன் நான். அதைத் திருநெல்வேலியிலேயே விட்டுவிட்டு வந்ததாக நினைத்திருந்தேன். அன்று இரவு அவனை உட்காரவைத்து அந்தக் கயிற்றுக் கதையைத்தான் சொன்னேன். திட்டவில்லை.

பள்ளி விஷயத்தில் குழப்பம் வேண்டாம். 1918 சட்டத்திலிருந்தே கத்தோலிக்கப் பள்ளிகள் அரசுப் பள்ளிகள்தான், கட்டணம் இல்லை. இந்துப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் நிறையப் படிக்கிறார்கள். நம் கத்தோலிக்கர்களிடம் ஒரு வார்த்தை: அந்தோணி என்ற பெயரைப் பார்த்ததுமே உங்களைச் செல்டிக் கணக்கில் எழுதிவிடுவார்கள். சி.எஸ்.ஐ. சபைக்காரர்களை ரேஞ்சர்ஸ் கணக்கில் எழுதுவார்கள். இந்துவும் தப்ப முடியாது. "கத்தோலிக்க இந்துவா, புராட்டஸ்டன்ட் இந்துவா?" என்பது இங்கே பழைய ஜோக்.

இது குறைய என்ன நடந்தது என்று கேட்டால், சட்டத்தைவிட மனிதர்களைத்தான் சொல்வேன். 1995-இல் ஆட்டம் பார்த்துவிட்டு பிரிட்ஜ்டன் வழியாக நடந்து போன 16 வயது செல்டிக் ரசிகனை ஒருவன் கழுத்தறுத்துக் கொன்றான். இந்த மதப்பகைக்கு எதிராக அவனுடைய தோழி தொடங்கிய பிரசாரம்தான் 'நில் பை மவுத்'. ஆஸ்பத்திரியில் வேலை செய்பவர்களுக்குத் தெரியும், வாய்வழியாக எதுவும் தரக்கூடாது என்று கட்டிலில் மாட்டும் அட்டை அது. இன்றும் பள்ளிகளுக்கும் வேலையிடங்களுக்கும் போய்ப் பேசுகிறார்கள். உங்கள் பிள்ளையின் பள்ளிக்குக் கூப்பிடச் சொல்லலாம். கத்தோலிக்கப் பள்ளிப் பிள்ளைகளையும் பொதுப் பள்ளிப் பிள்ளைகளையும் ஒன்றுசேர்த்து நடத்தும் திட்டங்கள் வந்தால் அனுமதிப் படிவத்தில் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடுங்கள். கால்பந்து ஆட்டங்களில் புண்படுத்தும் பாட்டையும் நடத்தையையும் தடுக்க 2012-இல் கொண்டுவந்த சட்டத்தை 2018-இல் நீக்கிவிட்டார்கள். அதை எதிர்ப்பதில் மட்டும் இரண்டு ரசிகர் கூட்டமும் ஒற்றுமையாக இருந்தது! மதத்தைச் சொல்லி மிரட்டுவதும் தாக்குவதும் இன்றும் குற்றம்தான். போலீஸைக் கூப்பிட அவசரத்துக்கு 999, மற்றபடி 101.

ஆட்டம் பார்க்க ஆசையா? போங்கள். ஏதாவது ஓர் அணியைப் பிடித்துக்கொள்வதில் தப்பே இல்லை, ஐப்ராக்ஸிலும் பார்க்ஹெட்டிலும் நல்லவர்கள்தான் அதிகம். பக்கம் சேர மனமில்லை என்றால் மேரிஹில்லில் பார்ட்டிக் திஸ்ல் என்ற அணி இருக்கிறது. மஞ்சள் சிவப்புச் சட்டை. டீம் கேள்விக்கு அதைப் பதிலாகச் சொன்னால் எல்லாரும் சிரித்துவிட்டு விட்டுவிடுவார்கள், "பாவம்" என்பதுபோல. நானும் மகனும் அங்கேதான் போகிறோம். பெரும்பாலும் தோற்கிற ஆட்டமாகவே எங்களுக்கு வாய்க்கிறது. உள்ளே இரண்டு ஸ்வெட்டர் போட்டுக்கொள்ளுங்கள், காற்று பயங்கரமாக அடிக்கும்.