குண்டு எதுவரை போகலாம்? ஆர்பிஜி எழுதுகிறவர்களுக்குக் கூலி வேலையா, சொந்த வெளியீடா

கடலூரில் குண்டு உப்பலவாடி என்று ஓர் ஊர் இருக்கிறது. அந்தக் குண்டு பீரங்கிக் குண்டு. 1690-ல் தேவனாம்பட்டினம் கோட்டையைக் கிழக்கிந்தியக் கம்பெனி மராத்தியர்களிடம் விலைக்கு வாங்கியபோது, கோட்டையிலிருந்து சுடும் குண்டு எதுவரை போய் விழுகிறதோ அதுவரை உள்ள கிராமங்களும் சேர்த்தி என்று பேச்சு. விற்றவர்கள் ஏதோ கூப்பிடு தூரம் என்று நினைத்திருப்பார்கள். வாங்கியவர்கள் நல்ல பீரங்கியாகப் பார்த்து வைத்துச் சுட்டார்கள்.

டேபிள்டாப் ஆர்பிஜிக்கு, அதாவது மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆளுக்கொரு பாத்திரமாகிப் பகடை உருட்டிக் கதை சொல்லி விளையாடும் விளையாட்டுக்கு, எழுத ஆரம்பிக்கிறவர்கள் "ஃப்ரீலான்ஸ் பண்ணட்டுமா, நானே வெளியிடட்டுமா" என்று கேட்கும்போதெல்லாம் எனக்கு இந்தப் பீரங்கிதான் ஞாபகம் வரும். எது அதிகம் சம்பாதித்துத் தரும் என்பதை அப்புறம் பார்க்கலாம், முதலில் எதை விற்கிறீர்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள்.

ஃப்ரீலான்ஸ் என்றால் பெரும்பாலும் வார்த்தைக் கூலி. சின்னப் பதிப்பகங்கள் வார்த்தைக்கு மூன்று நான்கு சென்ட் தருவார்கள், நல்ல இடமென்றால் பத்து சென்ட், அதற்கு மேலும் உண்டு. என்ன எழுத வேண்டும், எத்தனை வார்த்தை, எந்தத் தேதிக்குள் என்று அவர்களே சொல்லிவிடுவார்கள். படம், லேஅவுட், விற்பனை எதுவும் உங்கள் தலைவலி இல்லை. எடிட்டர் ஒருவர் உங்கள் எழுத்தைச் சிவப்பாக்கித் திருப்பி அனுப்புவார், அது இலவசமாகக் கிடைக்கும் படிப்பு. பதிலுக்கு அநேகமாக 'வொர்க் ஃபார் ஹயர்' ஒப்பந்தம் வரும், அதாவது எழுதி முடித்ததும் அந்தக் கதை, அந்தப் பேய், அந்த ஊர், அந்த வில்லி எல்லாம் அவர்களுடையது. நாளைக்கு அதே வில்லியை வைத்து நீங்களே இன்னொரு சாகசம் (ஒரு குழு விளையாட எழுதித் தரும் கதை) எழுத முடியாது.

நம்ம ஊர்ச் சட்டம் கொஞ்சம் இரக்கம் காட்டும். 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 19-வது பிரிவுப்படி உரிமையை மாற்றிக் கொடுப்பது எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும். காலம் குறிப்பிடவில்லை என்றால் ஐந்து வருஷம், எந்த நாட்டுக்கு என்று குறிப்பிடவில்லை என்றால் இந்தியாவுக்கு மட்டும் என்று எடுத்துக்கொள்வார்கள். ஆனால் வெளிநாட்டுப் பதிப்பகத்தின் ஒப்பந்தத்தில் "உலகம் முழுக்க, என்றென்றைக்கும், எல்லா வடிவத்திலும்" என்று தெளிவாகவே எழுதியிருக்கும், அவர்கள் ஊர்ச் சட்டம்தான் செல்லும் என்றும் இருக்கும். அதனால் எட்டுப் பக்கமானாலும் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

நான் படிக்கவில்லை. முதல் வேலை, சந்தோஷம், ஆறாயிரம் வார்த்தை எழுதி அனுப்பினேன். பணம் "வெளியானதும்" என்று ஒரு வரி இருந்ததைக் கவனிக்கவே இல்லை. புத்தகம் வெளியாகவே இல்லை. பணமும் இல்லை, உரிமையும் கையில் இல்லை, அந்தச் சாகசம் இன்னமும் என் லேப்டாப்பில் பிணம் மாதிரி கிடக்கிறது. அதிலிருந்து மூன்று விஷயம் கேட்காமல் நான் வேலை எடுப்பதில்லை: பணம் எழுத்தை ஏற்றுக்கொண்ட நாளிலிருந்து இத்தனை நாளுக்குள், வேலையை அவர்களே பாதியில் கைவிட்டால் இவ்வளவு, ஒரு வருஷத்துக்குள் வெளியாகவில்லை என்றால் உரிமை எனக்கே. எல்லோரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். கேட்டதற்காக யாரும் அடிக்கவும் மாட்டார்கள்.

இன்னொன்று, இது நம்ம கடற்கரைக்காரர்களுக்கு மட்டும். நவம்பர், டிசம்பரில் கெடு வைத்த வேலையை எடுக்காதீர்கள், எடுத்தால் பத்து நாள் கூடுதலாகக் கேட்டு வாங்குங்கள். 2011 டிசம்பரில் தானே, 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல், இரண்டும் நம்ம பக்கம்தான் கரையேறின. ஃபெஞ்சலின்போது வீட்டில் கரண்ட் இல்லை, போனில் சிக்னல் இல்லை, நான் மொட்டை மாடியில் நின்றுகொண்டு எடிட்டருக்கு ஒரு மெயில் அனுப்ப முயன்றதை நினைத்தால் இப்போது சிரிப்பு வருகிறது.

சரி, சொந்த வெளியீடு. ஒரு கணக்குப் போடுவோம். ஐயாயிரம் வார்த்தைச் சாகசம், வார்த்தைக்கு ஐந்து சென்ட் என்றால் ஃப்ரீலான்ஸில் 250 டாலர், அதோடு முடிந்தது. அதையே நீங்கள் ஐந்து டாலர் பிடிஎஃப் ஆக, ஆர்பிஜி புத்தகங்கள் விற்கும் டிரைவ்த்ரூஆர்பிஜி தளத்தில் போட்டால், அங்கே மட்டும் விற்பேன் என்று எழுதிக் கொடுத்தவருக்கு 70 சதவீதம், இல்லாதவருக்கு 65. பின்னதென்றால் பிரதிக்கு 3.25 டாலர், 250-ஐத் தொட 77 பிரதி விற்க வேண்டும். இட்ச் என்ற இன்னொரு விற்பனைத் தளத்தில் அவர்களுக்கு எவ்வளவு பங்கு என்பதை நீங்களே வைக்கலாம், மாற்றாமல் விட்டால் பத்து சதவீதம், பணம் கைமாறும் கட்டணம் தனி. டி அண்ட் டி (டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்) விளையாட்டுக்கென்றே இருக்கும் டிஎம்ஸ் கில்டு தளத்தில் பாதிக்குப் பாதி, 100 பிரதி. அங்கே மட்டும் ஏன் இவ்வளவு குறைவு என்றால், டி அண்ட் டி-யின் சொந்த உலகங்களையும் பாத்திரங்களையும் அங்கே பயன்படுத்த விடுகிறார்கள். அதற்கு விலையாக அங்கே போட்டதை வேறெங்கும் விற்கக் கூடாது. இதுவும் ஒரு பீரங்கிதான், கொஞ்சம் சின்னது.

அந்த உலகங்கள் வேண்டாம், விதிகள் மட்டும் போதும் என்றால் டிஎம்ஸ் கில்டு பக்கமே போக வேண்டியதில்லை. 2023 ஜனவரியில், மற்றவர்கள் விதிகளைப் பயன்படுத்த விட்ட பழைய லைசென்ஸை மாற்றப் போய்ப் பெரிய சண்டையான பிறகு, டி அண்ட் டி ஐந்தாம் பதிப்பின் அடிப்படை விதித் தொகுப்பான எஸ்ஆர்டி 5.1-ஐ அதை வெளியிடும் விசார்ட்ஸ் நிறுவனம், பெயர் சொல்லி யாரும் பயன்படுத்தலாம் என்கிற கிரியேட்டிவ் காமன்ஸ் சிசி-பை 4.0 உரிமத்தில் விட்டுவிட்டது. அவர்கள் சொல்லும் நன்றி வரியைப் புத்தகத்தில் போட்டால் போதும், எங்கு வேண்டுமானாலும் விற்கலாம். மொழிபெயர்க்கவும் செய்யலாம். அந்த விதிகளைத் தமிழில் போட்டு விற்றாலும் கேள்வி கேட்க ஆள் இல்லை. வாங்கவும் இப்போதைக்கு ஆள் குறைவு, அது வேறு.

77 பிரதி என்றதும் சுலபமாகத் தெரியும். முதல் புத்தகத்துக்கு அப்படி இல்லை. அட்டைப்படம், எடிட்டிங் இரண்டுக்கும் காசு போனபிறகுதான் லாபம். படம் வரைந்தவரிடமும் என்ன உரிமை வாங்குகிறீர்கள் என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், நமக்குச் செய்ததை நாம் இன்னொருவருக்குச் செய்யக் கூடாது. என் முதல் வெளியீடு 32 பக்கம், படமே இல்லை, மேப் மட்டும் நானே பேனாவில் வரைந்தேன், அது போதுமானதாக இருந்தது. முத்தியால்பேட்டையில் நண்பர் வீட்டில் நான்கு ஞாயிறு விளையாடிப் பார்த்துத் திருத்தியதுதான் அதற்கு நான் செய்த உண்மையான செலவு, டீயும் வடையும் என் கணக்கு.

வெளியே காசு திரட்டலாம் என்று கிக்ஸ்டார்ட்டர் பக்கம் போகாதீர்கள், இந்தியாவில் இருந்துகொண்டு அங்கே புராஜெக்ட் தொடங்க முடியாது. பணம் வாங்கப் பெரும்பாலும் பேபால்தான், வந்த டாலர் ரூபாயாகித் தானாகவே பேங்க்குக்குப் போய்விடும். அமெரிக்கத் தளங்கள் டபிள்யூ-8பென் என்ற வரிப் படிவம் கேட்கும், பான் எண்ணோடு ஒழுங்காக நிரப்புங்கள். ராயல்டிக்கு இந்திய-அமெரிக்க வரி ஒப்பந்தப்படி 15 சதவீதம்தான் வரி பிடிப்பார்கள், நிரப்பாவிட்டால் 30. அச்சில் போடுவதாக இருந்தால் புத்தக அடையாள எண்ணான ஐஎஸ்பிஎன் இந்தியாவில் இலவசம், காசு கேட்டால் இடைத்தரகர் என்று அர்த்தம்.

இப்போது எதை எங்கே? யாரோ சொன்ன உலகத்தில், யாரோ சொன்ன அரக்கனுக்குப் பத்து அறை கொண்ட குகை எழுதச் சொன்னால் தாராளமாகக் கூலிக்கு எழுதுங்கள், வருஷத்துக்கு இரண்டு மூன்று எடுங்கள், கை பழகும். ஆனால் அரிக்கமேட்டில் 1945-ல் தொல்லியலாளர் வீலர் தோண்டியபோது வந்த ரோமானிய மதுச்சாடிகளில் ஒன்றுக்குள் ஏதோ இன்னும் மூச்சு விடுகிறது என்று ஒரு எண்ணம் வந்தால், பிச்சாவரத்து அலையாத்திக் கால்வாய்களை மேப்பாகப் போட்டு ஒவ்வொரு திருப்பத்துக்கும் பகடை உருட்டலாம் என்று தோன்றினால், ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பைப் படித்துவிட்டு பிரெஞ்சு கவர்னர் தூப்ளேக்ஸ் வீட்டுச் சூழ்ச்சிகளைப் பகடையே இல்லாத விளையாட்டாக்கத் தோன்றினால், அதை மட்டும் வார்த்தைக்கு ஐந்து சென்ட்டுக்குக் கொடுத்துவிடாதீர்கள். அது மெதுவாக விற்கும். மூன்றாவது புத்தகம் வந்தபிறகுதான் முதலாவதைத் தேடி வாங்குவார்கள்.

போன மாதம் ஒரு பதிப்பகம் இந்தப் பீரங்கிக் குண்டுக் கதையை வைத்து நான் எழுதிய சாகசத்தை அவர்கள் தொகுப்பில் சேர்க்கக் கேட்டது. வழக்கமான ஒப்பந்தம், எல்லா உரிமையும். ஆங்கிலம் மட்டும், அந்த ஒரு தொகுப்பு மட்டும், இரண்டு வருஷம், நானும் தனியாக விற்றுக்கொள்வேன் என்று நான்கு இடத்தில் அடித்துத் திருத்தி அனுப்பினேன். ஐந்து நாள் பதிலே இல்லை. அப்புறம் வார்த்தைக்கு இரண்டு சென்ட் குறைத்து, மற்றதெல்லாம் அப்படியே ஒத்துக்கொண்டு அனுப்பினார்கள். கையெழுத்துப் போட்டுவிட்டேன்.