இரு தொலைதூர நகரங்களுக்கு இடையிலான வான்தொலைவையும் பயண நேரத்தையும் கணக்கிடும் முறை

விமானச் சீட்டில் உள்ள புறப்பாட்டு நேரமும் வந்துசேரும் நேரமும் வெவ்வேறு நகரங்களின் கடிகார நேரங்கள் என்பதால், ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்துப் பயண நேரத்தை அறிய இயலாது. தொலைவிலிருந்து தொடங்க வேண்டும். டோக்கியோவையும் லாஸ் ஏஞ்சலிஸையும் எடுத்துக்கொள்வோம்.

படி 1: டோக்கியோ வட அட்சரேகை 35.68 பாகையிலும் கிழக்குத் தீர்க்கரேகை 139.69 பாகையிலும் உள்ளது. லாஸ் ஏஞ்சலிஸ் வடக்கு 34.05, மேற்கு 118.24. ஒன்று கிழக்கிலும் மற்றது மேற்கிலும் இருப்பதால் தீர்க்கரேகைகளைக் கூட்டினால் 257.93 வரும். இது 180ஐத் தாண்டுவதால் 360இலிருந்து கழித்து, 102.07 பாகை என்ற பசிபிக் பக்க வேறுபாட்டைக் கொள்ள வேண்டும்.

படி 2: இரு அட்சரேகைகளின் சைன் மதிப்புகளைப் பெருக்குங்கள், அவற்றின் கொசைன் மதிப்புகளைத் தீர்க்கரேகை வேறுபாட்டின் கொசைனோடு பெருக்கி, முதல் விடையுடன் கூட்டுங்கள். 0.186 கிடைக்கும். அதன் நேர்மாறு கொசைன் 79.3 பாகை. (கணிப்பான் பாகையில் அல்லாமல் ரேடியன் என்ற வேறு கோண அலகில் இருந்தால் விடை பொருளற்றதாகிவிடும்.) பூமியின் பரப்பில் ஒரு பாகை 111.2 கி.மீ. என்பதால், தொலைவு ஏறத்தாழ 8,820 கி.மீ.

இது பெருவட்டத் தொலைவு, அதாவது உருண்டையான பூமியின் பரப்பில் இரு இடங்களுக்கு இடையிலான மிகக் குறுகிய தொலைவு. தட்டையான வரைபடத்தைப் பார்ப்பவர், ஏறக்குறைய ஒரே அட்சரேகையில் உள்ள இவ்விரு நகரங்களுக்கும் நேர்கிழக்கே பறந்தால் போதும் என்றுதான் நினைப்பார். ஆனால் அப்படிப் பறந்தால் சுமார் 500 கி.மீ. கூடுதலாகும். மிகக் குறுகிய வழியோ வடக்கே வளைந்து 48 பாகை அட்சரேகை வரை ஏறி இறங்குகிறது. உலக உருண்டையில் ஒரு நூலை இழுத்துப் பிடித்தால் இவ்வளைவு கண்ணுக்கே தெரியும். சூத்திரத்தைவிட இதுவே நன்றாகப் புரியவைக்கும் என்பது என் கருத்து.

படி 3: பெரிய பயணியர் விமானம் மணிக்குச் சுமார் 900 கி.மீ. வேகத்தில் பறக்கிறது. 8,820ஐ 900ஆல் வகுத்தால் 9.8 மணி, ஏறவும் இறங்கவும் அரை மணி சேர்க்க வேண்டும். ஆயினும் மேற்கிலிருந்து கிழக்கே வீசும் ஜெட் காற்றோட்டத்தைக் கணக்கில் கொள்ளாவிட்டால் விடை பிழையாகும். சராசரிக் காற்று வேகம் மணிக்கு 80 கி.மீ. எனக் கொண்டால், அந்த அரை மணியையும் சேர்த்து, கிழக்கு நோக்கி 980 கி.மீ. வேகத்தில் ஒன்பதரை மணியும், திரும்பும்போது 820 கி.மீ. வேகத்தில் பதினொன்றே கால் மணியும் ஆகும். ஓடுபாதைக்குச் செல்லும் நேரத்தையும் சேர்ப்பதால் அட்டவணையில் இவை சற்றுக் கூடுதலாகவே இருக்கும்.

படி 4: கடக்கும்போது தேதி மாறும் பன்னாட்டுத் தேதிக்கோட்டைப் பற்றிக் குழம்பாமல், எல்லாவற்றையும் யுடிசி (உலகப் பொது நேரம்) நேரத்துக்கு மாற்றிவிடுங்கள். ஜனவரியில் டோக்கியோவில் திங்கள் மாலை 5 மணி என்பது யுடிசி காலை 8 மணி; பத்து மணி நேரப் பயணத்தைக் கூட்டினால் மாலை 6. லாஸ் ஏஞ்சலிஸ் குளிர்காலத்தில் யுடிசியைவிட எட்டு மணி பின்தங்கியிருப்பதால், அங்கே அதே திங்கள் காலை 10 மணிக்கே விமானம் இறங்குகிறது. கோடையில் அங்கு கடிகாரம் ஒரு மணி முன்நகர்த்தப்படுகிறது; ஜப்பானில் அவ்வழக்கம் இல்லாததால், அம்மாதங்களில் ஏழு மணியை மட்டுமே கழிக்க வேண்டும்.