வெள்ளாட்டுக்குக் கோதுமைத் தவிடு கலப்பது எப்படி? (சுண்ணாம்புத் தூளை மறக்க வேண்டாம்)

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் செம்பனைத் தோட்டத்தில் வெள்ளாடு வளர்க்கும் பலர் புல்லோடு பி.கே.சி. (செம்பனைப் பருப்புப் பிண்ணாக்கு) மட்டும் போடுகிறார்கள். அதோடு கோதுமைத் தவிடும் சேர்க்கலாம். இங்கே கோதுமை விளையாது. இறக்குமதிக் கோதுமையை அரைக்கும் மாவு ஆலைகளிலிருந்து தவிடு மூட்டையாக வருகிறது.

தவிட்டில் புரதம் சுமார் 16 விழுக்காடு, நார் நிறைய. முழுக் கோதுமையில் புரதம் கொஞ்சம் குறைவு, ஆனால் மூன்றில் இரண்டு பங்கு மாவுச்சத்து. எனக்குத் தவிடுதான் பிடிக்கும்: விலையும் குறைவு, வயிற்றுக்கும் பாதுகாப்பு.

படி 1: 10 கிலோவுக்குத் தவிடு 4 கிலோ, பி.கே.சி. 4 கிலோ, உடைத்த கோதுமை 1.7 கிலோ, சுண்ணாம்புத் தூள் (கால்சியம் கார்பனேட்) 200 கிராம், உப்பு 100 கிராம். மில்க் டின்னால் அளக்காதீர்கள், தராசு வாங்குங்கள். ஒரு டின் தவிடு ஒரு டின் கோதுமையில் மூன்றில் ஒரு பங்கு எடை இருந்தாலே பெரிது.

படி 2: கோதுமையை இரண்டு மூன்று துண்டாக உடைத்தால் போதும். மாவாக அரைத்தால் இரைப்பையில் வேகமாகப் புளித்து ஆடு படுத்துவிடும்.

படி 3, சுண்ணாம்பு. இங்கேதான் பலரும் கோட்டை விடுகிறார்கள். தவிட்டில் பாஸ்பரஸ் சுமார் 1 விழுக்காடு, கால்சியமோ அதில் எட்டில் ஒரு பங்குதான். பி.கே.சி.யிலும் பாஸ்பரஸே கூடுதல். இரண்டையும் வெறுமனே போட்டால் கிடாய்க்குச் சிறுநீர்ப் பாதையில் கல் அடைக்கும். காயடித்த கிடாய்க்கு இன்னும் ஆபத்து. மொத்த உணவில் கால்சியம் பாஸ்பரஸைப் போல இரண்டு மடங்கு இருக்க வேண்டும். 200 கிராம் தூள் பாதி வேலையைச் செய்யும், மீதிக்குச் சவுண்டல் தழை (பெத்தாய் பெலாலாங்) போடுங்கள். ஆனால் தழையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அது வேண்டாம். தூளையும் உப்பையும் முதலில் ஒரு கிலோ தவிட்டில் கலந்து, அப்புறம் மற்றதில் சேருங்கள்.

படி 4: 30 கிலோ ஆட்டுக்கு ஒரு நாளைக்கு 300 கிராம் போதும். 50 கிராமில் தொடங்கி இரண்டு வாரத்தில் ஏற்றுங்கள். தண்ணீர் எப்போதும் இருக்கட்டும்.

நம் ஊர் ஈரத்தில் தவிடு சீக்கிரம் பூஞ்சை பிடிக்கும், சிக்கு வாடையும் அடிக்கும். ஒரு மாதத்துக்கு மேல் வாங்கி வைக்காதீர்கள்.

பின்சேர்க்கை: ஒரு அண்ணன், "வெற்றிலைச் சுண்ணாம்பு போடலாமா?" என்று கேட்டிருந்தார். கூடாது, வாய் வெந்துவிடும். தீவனக் கடையில் கால்சியம் கார்பனேட் என்று கேளுங்கள்.

இன்னொருவர் செம்மறி பற்றிக் கேட்டார். செம்மறிக்கு இந்தக் கலவை வேண்டவே வேண்டாம். பி.கே.சி.யில் இருக்கும் செம்பு அதன் ஈரலில் சேர்ந்து கொன்றுவிடும்.