ஜெபப் போராட்டம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஜெபத்தைப் போராட்டம் என்று சொல்வதற்கு வேதத்தில் தெளிவான ஆதாரம் உண்டு. கொலோசெ சபையாருக்காக எப்பாப்பிரா ஜெபத்தில் போராடுவதாகப் பவுல் எழுதுகிறார். எபேசியர் 6ஆம் அதிகாரத்தில் சர்வாயுதவர்க்கத்தை, அதாவது தேவன் தரும் ஆவிக்குரிய போர்க்கவசத்தை, விவரித்தவுடன் ஜெபத்தைப் பற்றியே பேசுகிறார். ஆனால் தஞ்சை, திருவாரூர், நாகை, மயிலாடுதுறைப் பகுதிகளின் வீட்டு ஜெபக்கூட்டங்களிலும் முழுஇரவு ஜெபங்களிலும் இந்தப் போராட்டம் சில வேளைகளில் திசை மாறிவிடுகிறது.

எல்லாவற்றிலும் பெரிய தவறு, மனிதரை எதிரியாக்கிக்கொள்வதே. வரப்புத் தகராறும், முறைப்பாசனத்தில் யார் முதலில் தண்ணீர் பாய்ச்சுவது என்ற சண்டையும், பங்காளிகளின் சொத்து வழக்கும் ஜெபக்குறிப்புகளாக வரும்போது, "சத்துருவை முறியடியும்" என்று வாய் சொல்ல, மனக்கண்ணில் அடுத்த வயல்காரரின் முகம் நிற்கிறது. நமக்குள்ள போராட்டம் "மாம்சத்தோடும் இரத்தத்தோடுமல்ல" என்று பவுல் அறுதியிட்டுச் சொன்ன பிறகு இதற்கு இடமே இல்லை. சங்கீதங்களில் சத்துருக்களுக்கு எதிரான விண்ணப்பங்கள் இருக்கின்றனவே என்று கேட்பவர்கள் உண்டு. இருக்கின்றன, ஆனால் அவை பழிவாங்குதலைத் தேவன் கையில் விட்டுவிடுகிற ஜெபங்கள். அதோடு, காணிக்கையைப் பலிபீடத்தின் முன்பாகவே வைத்துவிட்டுப் போய் முதலில் சகோதரனோடு ஒப்புரவாகச் சொன்னவர் இயேசு. ஆகவே, ஓர் இரவு முழுவதும் கண்விழித்து ஜெபிப்பதைவிட, பேச்சுவார்த்தை அற்றுப்போன அண்ணன் வீட்டுப் படியேறுவது சிலருக்குக் கடினமான போராட்டமாக இருக்கக்கூடும்.

பகையை வளர்க்காமல் உழைத்ததற்கு நம் பகுதியிலேயே ஒரு சான்று உண்டு. 1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய ஜெர்மானிய மிஷனெரி சீகன்பால்க்கை 1708இன் இறுதியில் சிறைவைத்தவர், அவரை அனுப்பிய டென்மார்க்கின் கொடி பறந்த அதே கோட்டையின் தளபதி. ஏறத்தாழ 4 மாதங்கள் அவர் அடைபட்டிருந்தார். ஆனாலும் அவருடைய காலம் அந்தப் பகையிலேயே கழிந்துவிடவில்லை. 1711இல் புதிய ஏற்பாட்டைத் தமிழில் மொழிபெயர்த்து முடித்தார், 1715இல் அது தரங்கம்பாடியிலேயே அச்சாகி முடிந்தது.

அடுத்த தவறு, நேர்கிற துன்பம் ஒவ்வொன்றுக்கும் ஒரு சாபத்தையோ மறைந்த பாவத்தையோ காரணமாகக் கண்டுபிடிப்பது. 2018 நவம்பர் 16 அன்று வேதாரண்யம் அருகே கரையைக் கடந்த கஜா புயல், எல்லா மதத்தாரின் தென்னந்தோப்புகளையும் ஒன்றுபோலச் சாய்த்தது. தோப்பை இழந்தவரிடம் போய் "உங்கள் ஜெபம் குறைந்துவிட்டது" என்று சொல்வது ஆவிக்குரிய பகுத்தறிவு அல்ல. யோபுவின் நண்பர்கள் அப்படிப் பேசியதற்காகவே தேவனுடைய கோபத்துக்கு ஆளானார்கள்.

பிசாசோடு பேசுவதிலேயே ஜெப நேரத்தைக் கழிப்பதும் தவறு. பிரதான தூதனாகிய மிகாவேலே அவனைத் தூஷிக்கத் துணியாமல் "கர்த்தர் உன்னைக் கடிந்துகொள்வாராக" என்று மட்டும் சொன்னதாக யூதா தம் நிருபத்தில் எழுதுகிறார். பிசாசுக்கு எதிர்த்து நிற்கச் சொல்கிற யாக்கோபும், தேவனுக்குக் கீழ்ப்படிவதையே முதலில் வைக்கிறார். சத்தத்தின் அளவுக்கும் ஜெபத்தின் வல்லமைக்கும் தொடர்பில்லை என்பதைக் கர்மேல் பர்வதத்தில் பாகாலின் தீர்க்கதரிசிகள் பதில் கிடைக்காமல் கத்திக் களைத்த சம்பவமே காட்டிவிடுகிறது.

உபவாசத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். சர்க்கரை நோய்க்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் நீண்ட உபவாசத்தில் இறங்கக் கூடாது. இரத்தச் சர்க்கரை குறைந்து மயக்கம் வந்தால் அதைப் பிசாசின் தாக்குதல் என்று எண்ணி மேலும் ஜெபித்துக்கொண்டிருப்பது உயிருக்கே ஆபத்து. மருந்தை நிறுத்துவதை விசுவாசத்தின் அடையாளமாகப் பேசுகிற எவருக்கும் சபை செவிகொடுக்கக் கூடாது.

சுகம் கிடைக்காதவரிடம் "உமக்கு விசுவாசம் போதாது" என்று சொல்வதும் மிகக் கொடியது. மாம்சத்தில் இருந்த முள் என்று தாம் சொன்ன துன்பத்துக்காகப் பவுல் மூன்று தரம் வேண்டியும் அது நீங்கவில்லை. கிருபை போதும் என்ற பதிலே கிடைத்தது. அமலேக்கோடு நடந்த யுத்தத்தில் மோசேயின் கைகள் அசந்துபோனபோது, ஆரோனும் ஊர் என்பவரும் அவரைக் குற்றம் சொல்லவில்லை. உட்காருவதற்கு ஒரு கல்லை வைத்து, பொழுது சாயும்வரை இருபுறமும் நின்று அந்தக் கைகளைத் தாங்கினார்கள்.