டிஸ்ப்ரோசியம் கண்ணாடியில் வெள்ளொளி: தவிர்க்க வேண்டிய தவறுகள்

நீல எல்.இ.டி. சில்லின் மேல் நீல ஒளியை வாங்கி மஞ்சளாக ஒளிரும் பாஸ்பர் தூளைச் சிலிக்கோன் பிசினில் குழைத்துப் பூசுவதே இன்றைய வெள்ளை விளக்குகளின் வழக்கமான அமைப்பு. வெப்பத்தால் அந்தப் பிசின் நாளடைவில் நிறம் மங்குவதால், டிஸ்ப்ரோசியம் போன்ற அருமண் தனிமங்களின் அயனிகள் சேர்ந்து தானே ஒளிரும் கண்ணாடியை மாற்றாக ஆராய்கிறார்கள். அவ்வகையில் அதிகம் ஆராயப்பட்டவற்றுள் ஒன்று டிஸ்ப்ரோசியம் சேர்த்த போரேட் கண்ணாடி, அதாவது போரான் ஆக்சைடை அடிப்படையாகக் கொண்ட கண்ணாடி; 480 நானோமீட்டரை ஒட்டி நீலத்தையும் 575-ஐ ஒட்டி மஞ்சளையும் ஒரே அயனி உமிழ்வதால், இரண்டும் கலந்து கண்ணுக்கு வெண்மையாகத் தெரிகின்றன.

முதல் பிழை தராசிலேயே நேர்கிறது. போரான் ஆக்சைடுக்கு மூலப்பொருளாகப் போரிக் அமிலத்தை எடுக்கும்போது, 10 கிராம் ஆக்சைடு கிடைக்க ஏறக்குறைய 17.8 கிராம் அமிலம் தேவை, மீதி நீராவியாகிவிடும். மோல் சதவீதத்தையும் எடைச் சதவீதத்தையும் குழப்புவது இதைவிடக் கேடானது. லித்தியம் ஆக்சைடும் போரான் ஆக்சைடும் 30:70 என்ற மோல் விகிதத்தில் உள்ள கண்ணாடியில் 1 மோல் சதவீத டிஸ்ப்ரோசியம் ஆக்சைடு என்பது எடையில் சுமார் 6 சதவீதம். அதன் ஒவ்வோர் அலகும் இரண்டு அயனிகளைக் கொண்டுவரும். அயனிகள் நெருங்கி ஒளிர்வு குன்றத் தொடங்கும் செறிவைப் பிறருடைய முடிவோடு ஒப்பிடுபவர், இந்தக் கணக்கைச் சரிபார்க்காமல் ஒப்பிடுவதில் பயனில்லை. கலவையை அவசரமாகச் சூடாக்கினால் நீராவியும் லித்தியம் ஆக்சைடுக்கு மூலப்பொருளான கார்பனேட்டிலிருந்து வெளியேறும் வாயுவும் பொங்கி மூசையின் (உருக்கும் கலத்தின்) விளிம்பைத் தாண்டும். அதன்பின் உள்ளே இருக்கும் கலவை ஏட்டில் எழுதியதாக இராது.

575 நானோமீட்டர் உமிழ்வைக் கண்காணித்துக் கிளர்வு நிறமாலையை (எந்த அலைநீள ஒளி அந்த உமிழ்வை எவ்வளவு தூண்டுகிறது என்ற வரைபடத்தை) எடுக்கும்போது 287.5-இல் ஒரு கூர்முனை தோன்றினால், அதை அயனியின் பண்பாகக் கொள்ளலாகாது. ஒளியை அலைநீளவாரியாகப் பிரிக்கும் கருவியின் கீற்றணி, பாதி அலைநீளத்தில் சிதறிவரும் விளக்கொளியையும் அதே கோணத்தில் கடத்துகிறது. தக்க வடிகட்டியை இட்டால் முனை மறைந்துவிடும்.

எனினும் மிகப் பெரிய தவறு, நிறங்களை ஆயத்தொலைவுகளாகக் குறிக்கும் நிறப்படத்தில் ஒரு புள்ளி, வெண்மையைக் குறிக்கும் (0.33, 0.33)-க்கு அருகே விழுந்த உடனேயே விளக்கு கிடைத்துவிட்டதாகக் கருதுவதுதான். டிஸ்ப்ரோசியம் ஒளியை உட்கவரும் தாவல்கள் மிக வலுக்குறைந்தவை. தாவலின் வலுவைக் காட்டும் எண்ணான அலைவு வலிமை அவற்றுக்குப் பத்து லட்சத்தில் சில பங்கு என்ற அளவிலேயே இருப்பதால், சில மில்லிமீட்டர் தடிமனுள்ள வில்லை சில்லின் ஒளியில் பெரும்பகுதியைத் தப்பவிட்டுவிடுகிறது. ஒளிர்வுமானியில் எடுக்கும் நிறமாலை கிளர்வொளியைத் தவிர்த்துவிட்டுத் தொடங்குவதால் இந்தக் கசிவு அதில் தெரிவதே இல்லை. 450 நானோமீட்டர் நீலச் சில்லைப் பொருத்தினால் கசியும் நீலம் வெண்மையை மூழ்கடிக்கும். 387 நானோமீட்டர் சில்லானால் நிறம் அவ்வளவு மாறாது, ஆனால் ஆற்றல் வீணாவதோடு புறஊதா ஒளியும் வெளியேறும். ஆகவே சில்லோடு பொருத்திய கண்ணாடியை, எல்லாத் திசையிலும் வெளியேறும் ஒளியைத் திரட்டும் ஒருங்கிணைப்புக் கோளத்தில் வைத்து அளந்த மதிப்பையே நான் நம்புவேன். ஒளிர்வின் ஆயுட்காலங்களின் விகிதத்திலிருந்து கணக்கிட்ட உயர்ந்த குவாண்டம் திறன் (ஒளியை ஒளியாகவே திருப்பித் தரும் பங்கு), உட்கவரப்பட்ட ஒளியைப் பற்றி மட்டுமே பேசுகிறது.

வெண்மையின் வெதுமையையோ குளிர்மையையோ காட்டும் நிற வெப்பநிலையிலும் இதே அவசரம் உண்டு. சூடேறிய கரும்பொருள் உமிழும் நிறங்களைக் காட்டும் கரும்பொருள் வளைவிலிருந்து வெகுதொலைவில் இருக்கும், மற்றோர் அருமணான டெர்பியத்தின் பச்சைக்குக்கூட வாய்பாடு ஏதோ ஓர் எண்ணைத் தரும். அந்த எண்ணுக்குப் பொருளில்லை.

டிஸ்ப்ரோசியத்தில் சிவப்பு குறைவு என்பதால் சிலர் சிவப்பாக ஒளிரும் யூரோப்பியத்தைச் சேர்க்கிறார்கள். அதன் 393 நானோமீட்டர் கிளர்வு டிஸ்ப்ரோசியத்தின் 387-க்கு அருகிலேயே இருப்பதால் ஒரே சில்லு இரண்டையும் தூண்டக்கூடும். ஆயினும் ஆற்றல் டிஸ்ப்ரோசியத்திலிருந்து யூரோப்பியத்துக்குப் பாய்ந்து நீலமும் மஞ்சளும் தணியும் என்பதால், தனி டிஸ்ப்ரோசியத்துக்குக் கண்டறிந்த உகந்த செறிவை அப்படியே எடுத்தாளாமல், இரண்டின் அளவையும் மாற்றி மாற்றிப் புதிதாகத் தேட வேண்டும்.